சாயம் துருவை நிறுத்தாது: பழைய பிக்-அப் வண்டியைச் சீராக்கும் முறை

தோட்டப்புறங்களிலும் சிறு பட்டணங்களிலும் பழைய பிக்-அப் வண்டி பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. செம்பனைக் குலை ஏற்றுவது, உரமூட்டை இறக்குவது, புல்வெட்டும் குத்தகை வேலை, சந்தைக்குக் காய்கறி, திருவிழாவுக்குப் பந்தல் சாமான் என அதன் வேலைக்கு முடிவில்லை. 15, 20 ஆண்டுகள் ஓடிய ஹைலக்ஸ், ஸ்டோர்ம், ரேஞ்சர் போன்ற வண்டிகளில் இயந்திரம் இன்னும் திடமாகவே இருக்கும். முதலில் கைவிடுவது தகரம்தான்.

'கெத்தோக் டான் சாட்' என்று பெயர்ப்பலகை மாட்டிய பட்டறையில் கொடுத்தால் வண்டி புதிதுபோல் வந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். வரும். ஆனால், துருவை அப்படியே விட்டு மேலே புட்டி அப்பிச் சாயம் அடித்திருந்தால், சில மாதங்களிலேயே அதே இடம் மீண்டும் கொப்பளிக்கத் தொடங்கும். பணம் போனது ஒரு பக்கம் இருக்க, சுமை தாங்கும் சேசிஸில் உள்ள அரிப்பும் சாயத்துக்கு அடியில் மறைந்துபோகும். அது உயிருக்கே ஆபத்து. எனவே, நிறத்தைத் தேர்வு செய்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

துரு எங்கே ஒளிந்திருக்கிறது?

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். கேரித் தீவு, பாகான் டத்தோ போன்ற கரையோர வட்டாரங்களில் கடற்காற்றே உப்பைக் கொண்டுவருகிறது. செம்பனைத் தோட்டங்களில் பயன்படும் பொட்டாசியம் குளோரைடு உரமும் ஒருவகை உப்புதான். மூட்டையிலிருந்து சிந்தும் தூள், வண்டியின் பின்தொட்டி இடுக்குகளில் தங்கி, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகரத்தைத் தின்னும். ரப்பர் கட்டிப்பால் ஏற்றும் வண்டிகளில், பாலை உறைய வைக்கச் சேர்க்கும் பார்மிக் அமிலம் கலந்த நீர் வடிந்து அதே வேலையைச் செய்யும்.

இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். சாயம் கொப்பளிப்பது இதனால்தான். வெளியே ஒரு காசு அளவுக்குக் கொப்பளம் தெரிந்தால், உள்ளே கையளவுக்குப் பரவியிருக்கலாம்.

பின்தொட்டியின் தரை, சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு, கதவின் அடி விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, கேபினின் பின்மூலைகள், முன்கண்ணாடியின் ரப்பருக்கு அடியில் உள்ள ஓரம், பேட்டரி உட்காரும் தட்டு ஆகிய இடங்களைத் தவறாமல் பார்க்க வேண்டும். கேபினுக்குள் கால்மிதியைத் தூக்கிப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கண்ணாடி ரப்பர் வழியாக ஒழுகும் மழைநீர் அங்கேதான் தேங்கி நிற்கும்.

முதலில் சேசிஸ்

பிக்-அப் வண்டியின் கேபினும் பின்தொட்டியும் சேசிஸின் மீது போல்ட் கொண்டு பொருத்தப்பட்டவை. தகரம் ஓட்டையானால் வண்டி அசிங்கமாகத் தெரியும், அவ்வளவுதான். சேசிஸ் அரித்துப்போனால் சுமையோடு போகும்போதே முறியக்கூடும். அதனால் பரிசோதனை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பின்தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி இறக்கிவிட்டால் சேசிஸ் முழுதாகக் கண்ணுக்குத் தெரியும். சேற்றை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் 'பொத்' என்று கேட்கும். சந்தேகமான இடத்தில் திருப்புளியின் முனையை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். பின்பக்க இலைவில் தொங்கும் கொக்கிகளைச் சுற்றியும் குறுக்குச் சட்டங்கள் இணையும் மூலைகளிலும்தான் சேறு அதிகம் தங்கும்.

மேலோட்டமான துரு என்றால் சுரண்டி, பிரைமர் பூசிக் காப்பாற்றலாம். செதில் செதிலாக உரிந்து, இரும்பின் கனமே குறைந்திருந்தால் அது அனுபவமுள்ள பற்றவைப்பாளர் கையில் போக வேண்டிய வேலை. வெளியே தகடு ஒட்டி மூடுவது வேலையாகாது. சேசிஸ் பல இடங்களில் இற்றுப்போயிருந்தால், சாயத்துக்குச் செலவழிக்காமல் வேறு வண்டி பார்ப்பதே குடும்பத்துக்கு நல்லது.

தேய்ப்பதா, வெட்டுவதா?

தகரத்தின் மேலே மட்டும் துரு படிந்திருந்தால் கம்பித் தூரிகையாலோ கிரைண்டராலோ வெள்ளி போன்ற இரும்பு தெரியும்வரை தேய்க்க வேண்டும். குழிகளில் மிஞ்சும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றித் திரவம் உதவும். கெட்டியாகப் படிந்த துருவின் மேல் அதைப் பூசினால் பலனில்லை. மேல்தோல் மட்டும் மாறும், அடியில் அரிப்பு தொடரும். பூசிய பிறகு கழுவ வேண்டுமா, எவ்வளவு நேரம் காய வேண்டும் என்பதை டின்னில் எழுதியிருப்பதைப் படித்துச் செய்ய வேண்டும்.

ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தாலே அந்தப் பகுதி முடிந்தது என்று பொருள். நல்ல இரும்பு வரும்வரை சுற்றிலும் வெட்டி எடுத்துவிட வேண்டும். மெல்லிய, அரித்த தகரத்தின் மேல் பற்றவைத்தால் அது உருகி ஓட்டைதான் பெரிதாகும்.

பற்றவைக்கும் முறை

வண்டிகளின் மேல்தகரம் பொதுவாக 0.7 முதல் 1 மில்லிமீட்டர் வரைதான் கனம் இருக்கும். ஒட்டுத் தகரமும் அதே கனத்தில் இருக்க வேண்டும். முதலில் அட்டையில் அளவு வெட்டி, அதை வைத்துத் தகரத்தை வெட்டினால் இடைவெளி குறையும். விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி வைத்துப் பற்றவைப்பது நல்லது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தால் நடுவில் ஈரம் புகுந்து துரு மீண்டும் அங்கிருந்தே தொடங்கும்.

மிக் இயந்திரத்தில் 0.6 மில்லிமீட்டர் கம்பி மெல்லிய தகரத்துக்குப் பொருத்தமானது. ஒரே கோடாக இழுக்கக்கூடாது. 2, 3 சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளி புள்ளியாக வைத்து, இடம் மாறி மாறிச் சென்று, சூடு ஆற விட்டு நிரப்ப வேண்டும். அவசரப்பட்டால் தகரம் அலைபோல் நெளிந்துவிடும். அதைச் சரிசெய்யக் கிலோ கணக்கில் புட்டி தேவைப்படும்.

தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். எண்ணெய்த் தொட்டிக்கு அருகில் வேலை என்றால் தொட்டியையே இறக்கித் தூரமாக வைக்க வேண்டும். காலித் தொட்டிதானே என்று விட்டுவிடக்கூடாது. உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். துத்தநாகம் பூசிய தகரத்தைச் சூடாக்கும்போது எழும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்வதே பாதுகாப்பு.

புட்டிக்கு முன் எப்போக்சி

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். பட்டறைகளில் புழங்கும் பாலியஸ்டர் புட்டி தண்ணீரை உறிஞ்சும் தன்மையுள்ளது. அதை வெற்றுத் தகரத்தில் அப்பினால், எங்காவது சிறு கீறல் விழுந்தாலும் நீர் உள்ளே போய் இரும்பிலேயே தங்கிவிடும். எனவே, சுத்தமான தகரத்தில் முதலில் எப்போக்சி பிரைமர் அடித்து, அது காய்ந்ததும் லேசாகத் தேய்த்து, அதன் மேல் புட்டி போடுவது நீடித்து உழைக்கும். ஓட்டையை அடைக்கப் புட்டி உதவாது. நெளிவைச் சமப்படுத்தவே அது. 3 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் தேவைப்பட்டால் தகரத்தை மறுபடி தட்டிச் சமப்படுத்த வேண்டும் என்று பொருள்.

ஹார்டனர் ஏறக்குறைய 2 விழுக்காடு போதும். அதிகம் கலந்தால் சீக்கிரம் இறுகும் என்பது உண்மை. ஆனால், பின்னர் மேல்சாயத்தில் கறையாகத் தெரியும். புட்டியை 80ஆம் எண் உப்புத்தாளில் வடிவுக்குக் கொண்டுவந்து, 180, 320 என மெதுவாக ஏற வேண்டும். பிறகு நிரப்பும் பிரைமர் அடித்து, 500 அல்லது 600ஆம் எண் தாளால் நனைத்துத் தேய்க்க வேண்டும். உலோக மினுமினுப்புச் சாயம் என்றால் 800 வரை போவது நல்லது. பழைய சாயங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், அவற்றையும் காய்ந்த தூளாகப் பறக்கவிடாமல் நனைத்தே தேய்க்க வேண்டும்.

தகரங்கள் இணையும் இடுக்குகளில் பிரைமருக்குப் பிறகு மூட்டுப்பசை இட வேண்டும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகளை மட்டும் அடைத்துவிடக்கூடாது.

நம் வானிலைக்கு ஏற்ற சாயம்

காலையில் ஈரக்காற்று, மாலையில் இடிமழை என்பது நம் நாட்டு வழக்கம். பழைய வகை என்சி சாயத்தை ஈரமான நேரத்தில் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகி மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள நீர் அதில் படிந்து வெள்ளை பூத்துவிடும். வெயில் ஏறி மழைக்கு முன்னான நேரமே ஏற்றது. மெதுவாக உலரும் தின்னர் நம் வெப்பத்துக்குப் பொருந்தும். கம்ப்ரசரில் நீர்வடிப்பான் இல்லாவிட்டால் சாயத்தில் குழி விழும்.

ஹார்டனர் கலந்த 2கே சாயம் என்சியைவிட வெயிலையும் பெட்ரோலையும் நன்றாகத் தாங்கும். வேலை வண்டிக்கு வெள்ளை போன்ற ஒற்றை நிறமே சிக்கனம். பின்னாளில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்துவதும் எளிது. துப்பாக்கியை 15 முதல் 20 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, ஒவ்வொரு வரிசையும் முந்திய வரிசையின் பாதியை மூடும்படி நகர்த்த வேண்டும். ஒரே தடவை கனமாக அடிக்காமல், நடுவில் காயவிட்டு 2, 3 முறை அடித்தால் சாயம் வழியாது.

2கே சாயத்தின் ஹார்டனரில் ஐசோசயனேட் உள்ளது. அது ஆஸ்துமாவை உண்டாக்கும். உடல் ஒருமுறை அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கொண்டுவரும். வாயில் துணி கட்டுவதும் காகித முகக்கவசமும் இதற்குப் போதா. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகக்கவசம் இல்லாதவர்கள், பிரைமர் வரையிலான வேலையைத் தாங்களே முடித்து, மேல்சாயத்துக்கு மட்டும் பட்டறைக்குக் கொடுக்கலாம். வீட்டு வாசலில் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் 2கே அடிப்பது அறவே கூடாது. மிஞ்சிய தின்னரைக் கால்வாயில் ஊற்றுவதும் தவறு.

ஆவணங்களை மறக்க வேண்டாம்

வண்டியின் நிறம் கிராண்ட் எனப்படும் பதிவு ஆவணத்தில் இடம்பெறும் தகவல். வேறு நிறம் அடிப்பதானால் ஜேபிஜேயிடம் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவைப்பது நல்லது. அதே நிறத்தை மீண்டும் அடித்தால் இந்த அலைச்சல் இல்லை.

சேசிஸ் எண் பொறித்த இடத்தைக் கிரைண்டரால் தேய்க்கவோ, மேலே தகடு பற்றவைக்கவோ, கனமான தார்ப்பூச்சால் மூடவோ கூடாது. வண்டியை விற்கும்போது உரிமை மாற்றப் பரிசோதனையில் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். அழிந்திருந்தால் நல்ல வண்டியும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

பழைய வண்டி வாங்குவோர் கவனத்துக்கு

புதுச்சாயம் மின்னும் பழைய பிக்-அப்பைப் பார்த்ததும் முன்பணம் கொடுத்துவிட வேண்டாம். ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடியிலும் சக்கர வளைவிலும் வைத்துப் பார்க்கலாம். மற்ற இடத்தில் ஒட்டும் காந்தம் அங்கே நழுவி விழுந்தால், அடியில் கனமாகப் புட்டி இருக்கிறது. வண்டிக்குக் கீழே புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால், சுத்தியலால் தட்டிப் பார்க்க அனுமதி கேட்க வேண்டும். மறுத்தால் வேறு வண்டியைப் பார்ப்பதே மேல். கேபினின் கால்மிதியைத் தூக்கிப் பார்ப்பதற்கும் 2 நிமிடம்தான் ஆகும்.

சீராக்கிய பிறகு

பற்றவைத்த இடத்தின் உட்புறத்துக்கும் கதவு, பட்டை போன்ற பொந்துகளுக்கும் துருக்காப்பு மெழுகு அடிப்பது அவசியம். கழிவு எண்ணெய் ஊற்றும் பழக்கம் ரப்பர் பாகங்களைக் கெடுத்து, நிலத்தையும் மாசுபடுத்தும். உரமோ கட்டிப்பாலோ ஏற்றிய அன்றே பின்தொட்டியையும் வண்டியின் அடிப்பகுதியையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். வடிகால் துளைகளை மாதம் ஒருமுறை கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம். கல் பட்டுச் சாயம் பெயர்ந்த இடத்தை அந்த வாரமே தேய்த்து, பிரைமரும் சாயமும் தொட்டுவைத்தால் அடுத்த மழைக்காலத்தில் அங்கே துரு ஏறாது.