வேரும் இலையும்

மத்தியப் பிரதேசத்தில் நருமதையாற்றின் தென்கரையில் ஹோஷங்காபாத் என்றோர் ஊர் உண்டு. இன்று அதற்கு நர்மதாபுரம் என்று பெயர். நம் நாட்டுக் கல்வி வரலாற்றில் அவ்வூருக்குத் தனி இடம் உண்டு. அது எதனால் வந்தது என்பதையே இப்பொழுது நான் சொல்லப் புகுகிறேன்.

அவ்வட்டாரத்தில் கிராமப் பணியாற்றிவந்த கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள நண்பர்கள் கிராம மையம் என்னும் இரு தொண்டு நிறுவனங்கள், 1972ஆம் ஆண்டில் அரசின் இசைவுடன் 16 பள்ளிகளில் ஒரு புதுமுறையைத் தொடங்கின. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புச் சிறுவர்கள் விஞ்ஞானத்தை உருப்போடாமல், தாமே செய்தும் கண்டும் கற்கவேண்டும் என்பதே அம்முறை. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும், பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் தொண்டர்களாக முன்வந்தனர். கிராம ஆசிரியர்களுடன் அமர்ந்து, ஒவ்வொரு சோதனையையும் தாமும் செய்து பார்த்தனர்; பள்ளிகளுக்கும் சென்று துணைநின்றனர்.

அவர்கள் வகுத்த பாடங்களுள் ஒன்று வேரையும் இலையையும் பற்றியது. மாணவர்கள் வயல்வெளிக்குச் சென்று பலவகைச் செடிகளை வேரோடு பறித்து வருவார்கள். ஆணிவேர் உடையவை ஒருபுறம், சல்லிவேர் உடையவை மறுபுறம் எனப் பிரிப்பார்கள். பின்னர் இலைகளை உற்று நோக்குவார்கள். ஆணிவேர்ச் செடியின் இலையில் நரம்புகள் பெரும்பாலும் வலைபோல் பின்னியிருக்கும். சல்லிவேர்ச் செடியின் இலையிலோ அவை இணைகோடுகளாக ஓடும். மண்ணுக்குள் மறைந்திருப்பதை மேலேயுள்ள இலை காட்டிக்கொடுக்கிறது! இவ்விதியை ஆசிரியர் சொல்லவில்லை, குழந்தைகளே கண்டனர். விதிக்கு உட்படாத செடி ஒன்று அகப்பட்டாலோ, மறுபடியும் பார்க்க வேண்டியதுதான். விஞ்ஞானியின் வேலையும் இதுவேயன்றோ?

பாடம் மாறினால் பரீட்சையும் மாறவேண்டும். எட்டாம் வகுப்புப் பரீட்சைக்கு மாணவர்கள் புத்தகத்தையும் குறிப்பேட்டையும் உடன் கொண்டுசெல்லலாம் என்று ஏற்பாடாயிற்று. எழுத்துப் பரீட்சையோடு செய்முறைப் பரீட்சையும் நடந்தது. நினைவாற்றலைவிடச் சிந்தனையே அங்கே அளக்கப்பட்டது.

1978இல் இம்முறை அம்மாவட்டப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. 1982இல் இப்பணிக்கென ‘ஏகலவ்யா’ என்னும் நிறுவனம் தோன்றியது. நாளடைவில் வேறு பல மாவட்டங்களும் சேர, பள்ளிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரமாயிற்று. ஆனால் மாநிலம் எங்கும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்ற வாதமும், மதிப்பெண் பற்றிய கவலையும் எதிர்நின்றன. 2002இல் அரசு ஆணையால் அம்முயற்சி பள்ளிகளில் நிறுத்தப்பட்டது.

முப்பது ஆண்டு உழைப்பு வீணாயிற்றா? அவ்வாறு நான் கருதவில்லை. செலவு மிகுந்த ஆய்வுக்கூடம் இல்லாத கிராமத்திலும் மெய்யான விஞ்ஞானம் பயிலலாம் என்பதை அது நாட்டுக்குக் காட்டிவிட்டது. எனினும் ஓர் உண்மையை நாம் மறத்தலாகாது. நல்ல பாடம் தொண்டரின் ஆர்வத்தால் பிறக்கலாம். அது நிலைத்து வாழ, ஊராரும் பெற்றோரும் அதைத் தமதென்று கொள்ளவேண்டும்.

கல்லூரி மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு தொடக்கப் பள்ளி இருக்கும். விடுமுறையில் ஒருநாள் அங்குள்ள சிறுவர்களை ஆசிரியரின் இசைவுடன் வயலுக்கு அழைத்துச் செல்லுங்கள். விடையை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் கண்கள் தேடட்டும்.