ஈயத்தில் வார்த்த தமிழ்
தண்டவாளத்து ஊர்கள் – 9: பல்லாவரம்

சென்ற வாரம், 1863இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கண்டெடுத்த கற்கோடாரியைப் பார்த்தோம். இந்த வாரமும் அதே ஊர்தான். கல்லுக்குப் பதில் ஈயம். அச்செழுத்து வார்க்கும் ஈயம்.

1911 மே முதல் தேதி, தமிழாசிரியர் ஒருவர் சென்னையை விட்டுப் பல்லாவரத்தில் குடியேறினார். பெயர் வேதாசலம். முந்தைய மாதம்தான் கிறித்தவக் கல்லூரி வேலை போயிருந்தது. பட்டப் படிப்பில் தமிழ் கட்டாயமில்லை என்று பல்கலைக்கழகம் விதியை மாற்றிவிட்டது. தமிழாசிரியர்களுக்கு வேலை குறைந்தது. அந்த ஆகஸ்டிலேயே அவர் காவியும் உடுத்தார். வேலை போய்விட்டது, வீட்டில் மனைவி மக்கள், உடம்பில் துறவிக் கோலம். இப்படிப்பட்டவர் பட்டணத்தை விட்டு வரும்போது விடாமல் கொண்டுவந்தது ஒரு பத்திரிகையை.

'ஞானசாகரம்' என்ற அந்த மாத இதழை அவர் 1902இல் தொடங்கியிருந்தார். அச்சுத்தாளோடு அவருக்கு இருந்த உறவு அதற்கும் பழையது. 1876இல் நாகப்பட்டினத்தில் பிறந்தவர். தந்தை இறந்ததால் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. தமிழ் படிப்பித்த நாராயணசாமிப் பிள்ளை ஒரு புத்தக வணிகர். சைவம் கற்பித்தவர் சோமசுந்தர நாயகர். 1897இல் ஜே.எம்.நல்லசாமிப் பிள்ளை 'சித்தாந்த தீபிகை'யைத் தொடங்கியபோது, அதன் தமிழ்ப் பதிப்பைக் கவனிக்கும் பொறுப்பு இந்த இளைஞருக்கு வந்தது. மறு ஆண்டு கல்லூரி வேலை. அங்கே உடன் பணியாற்றியவர் பரிதிமாற்கலைஞர்.

பல்லாவரத்தில் அவருடைய இதழும் நூல்களும் 'திருமுருகன் அச்சுக்கூடம்' என்ற சொந்த அச்சகத்தில் அச்சாயின. எழுதுபவர் அவர், ஆசிரியர் அவர், வெளியிடுபவரும் அவரே. சங்கப் பாட்டு ஆராய்ச்சி, சைவ சித்தாந்தம், உடல்நலம், அறிதுயில் என்று கை வைக்காத துறை குறைவு. 'கோகிலாம்பாள் கடிதங்கள்' நாவலும் இதழில் தொடராக வந்ததுதான். ஆனால் தனியாள் பத்திரிகைக்கு உள்ள நோய் இதற்கும் இருந்தது: மாத இதழ் மாதந்தோறும் வராது. பேச அழைத்த ஊர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். இலங்கைக்கும் 1914, 1917, 1921 ஆண்டுகளில் போய்ப் பேசினார்.

இங்கே கொஞ்சம் கடல் தாண்டிப் போய்வருவோம். 1846இல் அமெரிக்கப் படை கலிஃபோர்னியாவின் மான்டரே துறைமுகத்தைப் பிடித்த சில வாரங்களில், வால்டர் கோல்டன் என்ற கடற்படைப் பாதிரியாரும் இராபர்ட் செம்பிள் என்ற நெட்டை மனிதரும் 'கலிஃபோர்னியன்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அந்த மண்ணின் முதல் பத்திரிகை அது. கிடைத்தது ஒரு பழைய ஸ்பானிய அச்சு எந்திரம். ஸ்பானிய மொழியில் 'டபிள்யூ' எழுத்துக்கு வேலையில்லை. எழுத்துப் பெட்டியிலும் அது இல்லை. ஆங்கிலத்துக்கோ அது இல்லாமல் முடியாது. இரண்டு 'வி'யைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பேற்றினார்கள்.

அங்கே வேண்டிய எழுத்து பெட்டியில் இல்லை. பல்லாவரத்தில் நடந்தது நேர் எதிர்: பெட்டியில் இருந்த எழுத்து வேண்டாம் என்று ஆனது.

1916. வீட்டுத் தோட்டத்தில் மகள் நீலாம்பிகையோடு உலவும்போது வேதாசலம் வள்ளலாரின் அருட்பா ஒன்றைப் பாடினார். அதில் 'தேகம்' என்று வரும் இடத்தில் 'யாக்கை' என்று இருந்தால் இன்னும் இனிக்குமே என்றார். அப்படியானால் நாம் ஏன் வடசொல் கலக்காமல் பேசக் கூடாது என்றாள் பதின்மூன்று வயது மகள். தனித்தமிழ் இயக்கத்தின் தொடக்கமாக இன்றும் சொல்லப்படும் கதை இது.

கதை இனிமையானது. அதற்குப் பிறகு நடந்ததோ வெறும் உழைப்பு. வேதாசலம் என்ற பெயரில் வேதம் மறையாயிற்று, அசலம் மலையாயிற்று: மறைமலையடிகள். அவருடைய அமைப்பான 'சமரச சன்மார்க்க நிலையம்' பொதுநிலைக் கழகம் ஆனது. 'ஞானசாகரம்' 'அறிவுக்கடல்' ஆனது. தம் பழைய நூல்களை மறுபதிப்புக்கு எடுத்தபோதெல்லாம் வடசொற்களைக் களைந்து திருத்தினார். நீலாம்பிகை பின்னாளில் வடசொற்களுக்குத் தமிழ்ச்சொல் காட்டும் அகராதியே தொகுத்தார். மேடையில் ஒரு முழக்கத்தைச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். அச்சுக்கூடத்தில் அது நடக்காது. ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகக் கோத்து, மெய்ப்புப் பார்த்து, தவறினால் பிரித்து மறுபடி கோக்க வேண்டும். தமிழ் அச்சகங்களின் பெட்டியில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவற்றுக்கும் அறைகள் உண்டு. இவருடைய நடையைக் கோக்கிற கை அந்த அறைகளுக்கு எத்தனை முறை போயிருக்கும்? தனித்தமிழைக் கொள்கையாகப் பார்த்தவர்கள் பலர். எனக்கு அது முதலில் ஒரு பத்திரிகை ஆசிரியரின் பிடிவாதமாகவே தெரிகிறது. கட்டுரைக்குக் கட்டுரை, பதிப்புக்குப் பதிப்பு, தன் நடையைத் தானே திருத்திக்கொண்டே போன பிடிவாதம்.

முரணும் இல்லாமல் இல்லை. இந்தத் தனித்தமிழ்த் தந்தை தம் நாட்குறிப்பை எழுதியது ஆங்கிலத்தில். 1908இல் ஆங்கில இதழ் ஒன்றும் நடத்தியிருக்கிறார். மொழிக்கலப்புதான் அவருக்கு ஆகாது. பிறமொழி அறிவு ஆகும். அவர் சேர்த்த 4,000 நூல்களில் ஆங்கில நூல்களுக்கும் குறைவில்லை. 1950 செப்டம்பர் 15 அன்று அவர் மறைந்தார். அந்நூல்களை வைத்து 1958இல் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் சென்னை லிங்கிச் செட்டி தெருவில் மறைமலையடிகள் நூல் நிலையத்தைத் திறந்தது. பல்லாவரம் சாவடித் தெரு வீடு இன்று நினைவு இல்லம்.

பல்லாவரத்தில் ரயில் ஏறிச் செங்கல்பட்டுப் பக்கம் போங்கள். மூன்றாவது நிறுத்தம் தாம்பரம். அவர் விட்டு வந்த கிறித்தவக் கல்லூரி, 1937இல் பாரிமுனைப் பக்கமிருந்து பெயர்ந்து இங்கேதான் வந்தது. பட்டணத்தை விட்டு அவர் வெளியேறிய திசையிலேயே, 26 ஆண்டு பிந்தி. இன்னும் போனால் கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்குளத்தூர். அடுத்த நிலையத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் கதவருகே வந்து நிற்பார்கள். பெயர்ப்பலகையில் இருப்பது, 1916இல் ஒருவர் தம் பெயரையே மெய்ப்புத் திருத்திக் கோத்த சொல்: மறைமலை நகர்.

(தொடரும்)