துருப்பிடித்த சைலன்சர்: என்ஜினைப் பாதிப்பது எந்த இடத்து ஓட்டை?

மோட்டார் சைக்கிளின் சைலன்சரில் துரு தெரிந்ததுமே என்ஜினுக்கு ஆபத்து என்று பலர் அஞ்சுகின்றனர். மேற்பரப்பில் படியும் துரு என்ஜினின் இயக்கத்தைப் பாதிப்பதில்லை. அது உலோகத்தை அரித்து ஓட்டையிட்ட பிறகே சிக்கல் தொடங்குகிறது. அப்போதும் ஓட்டையின் அளவைப் போலவே, அது விழுந்த இடமும் முக்கியம்.

துருவுக்கான ஈரம் மழையிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. நெடுந்தூரம் ஓடும் வண்டியில் குழாய் நன்கு சூடாகி, ஆவி வெளியே சென்றுவிடும். கடைத்தெரு வரை மட்டும் சென்று திரும்பும் வண்டியிலோ அது உள்ளேயே நீராகத் தேங்கி, புகையிலுள்ள அமிலப் பொருட்களுடன் சேர்ந்து உட்புறத்தை அரிக்கிறது. இந்நீர் வடிவதற்காகவே பல சைலன்சர்களின் அடியில் சிறு துளை விடப்பட்டிருக்கும். அதைப் பழுதென எண்ணி வெல்டிங் வைத்து அடைப்போரும் உண்டு.

2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள பிஎஸ்-6 விதிகளின்படி தயாரான வண்டிகளின் புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் பொருத்தப்பட்டுள்ளது. என்ஜினுக்கும் சென்சாருக்கும் இடையே ஓட்டை விழுந்தால் புகை கசிவதோடு, குழாயில் அழுத்தம் தாழும் கணங்களில் வெளிக்காற்றும் உள்ளே இழுக்கப்படுகிறது. அக்காற்றின் ஆக்சிஜனை உணரும் சென்சார், பெட்ரோல் போதவில்லை என்று தவறாகத் தெரிவிக்கிறது. உடனே மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி கூடுதல் பெட்ரோலைச் செலுத்துகிறது. மைலேஜ் குறையும்; ஸ்பார்க் பிளக்கில் கரி படியும்; நாளடைவில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அளவுக்கு மீறிச் சூடாகிப் பழுதடையலாம். இதில் விலை மிகுந்த பாகம் அதுவே.

சென்சார் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இத்தகைய குழப்பம் நேராது. எனினும், ஆக்சிலரேட்டரைத் தளர்த்தும்போது எரியாத பெட்ரோல் ஆவி உள்ளே வந்த காற்றுடன் சேர்ந்து பற்றி, 'பட பட' என வெடியோசை எழும்.

சைலன்சரின் பின்முனையில் விழும் ஓட்டையால் பெரும்பாலும் இரைச்சல்தான் கூடும். ஆனால் உள்தடுப்புகள் துருவேறி உடைந்து வழியை அடைத்தால், புகை வெளியேற முடியாமல் என்ஜினின் இழுவிசை குறையும்.

கசிவைக் கண்டறிவது கடினமன்று. குளிர்ந்த என்ஜினை இயக்கியதும் சிலிண்டர் அருகே 'டிக் டிக்' ஒலி கேட்டாலோ, குழாய் இணைப்பில் கரிக்கோடு தெரிந்தாலோ முதலில் அங்குள்ள கேஸ்கெட்டைச் சோதிக்க வேண்டும். கேஸ்கெட் மலிவானதே. ஆனால் அதை இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் துருவேறியிருந்தால், துரு நீக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிடாமல் கழற்றக் கூடாது. அது சிலிண்டர் ஹெட்டினுள் முறிந்துவிட்டால், கேஸ்கெட் மாற்றும் சிறுவேலை ஹெட்டைக் கழற்றும் பெருவேலையாகிவிடும்.