யப்பான் கார் ரேடியோ ஏன் 90இல் நிற்கிறது?

யப்பானிலிருந்து வந்த விட்ஸோ, வேகன் ஆரோ, எதில் ஏறி ரேடியோவைப் போட்டாலும் 76இலிருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான் ஓடும். எங்கட எஃப்.எம். நிலையங்கள் பெரும்பாலும் 90க்கு மேலே. சக்தியும் இல்லை, சூரியனும் இல்லை. 'செற் பழுது' என்று கழற்றிவிட்டு அண்ட்ரொய்ட் தொடுதிரை பூட்டுகிறோம். உண்மையில் அதில் ஒரு பழுதும் இல்லை.

காரணம் தொலைக்காட்சி. யப்பானில் 1953இல் தொலைக்காட்சி தொடங்கியது. 90 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையான இடத்தை அங்கே 1, 2, 3ஆம் சனல்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். எஃப்.எம்.முக்குக் கிடைத்தது அதற்குக் கீழே இருந்த இடம். அனலொக் ஒளிபரப்பு 2012இல் முற்றாக நின்ற பிறகும் 95 வரைக்கும்தான் நீட்டினார்கள். ஆக, யாரோ பார்த்த தொலைக்காட்சிக்காக நாங்கள் இங்கே செற் மாற்றுகிறோம்!

மாற்ற முடிவதும் இன்னொரு நாட்டுத் தயவில்தான். டாஷ்போர்டில் உள்ள 180 மில்லிமீற்றர் அகலக் குழி ஜேர்மன்காரர் வகுத்த தரம். டொயோட்டாவில் அது 200. அதனால்தான் புதுத்திரையின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் சட்டம் வைத்து இடைவெளியை மறைக்கிறார்கள்.

யப்பானிய எழுத்தும், யப்பான் வரைபடமும் தொல்லை என்றால் திரை மாற்றுவது நியாயம். வானொலிக்காக மட்டும் என்றால் அது வீண்செலவு என்றே நினைக்கிறோம். அன்ரெனா வயரில் பூட்டுகிற சின்னப் பெட்டியொன்று அலைவரிசையை இறக்கிக் கொடுக்கும். 18 இறக்குகிற பெட்டி என்றால் 100இல் வருகிற நிலையம் 82 என்று காட்டும். கூட்டிப் பார்த்துக் கேட்க வேண்டியதுதான்.