புகை போக வழி

1931-ல் திருவனந்தபுரத்தின் தம்பானூருக்கு ரயில் வந்தபோது, அதை இழுத்துவந்த நீராவி இன்ஜினுக்குப் புகை ஒரு பிரச்சினையே அல்ல. வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கிக்குள் பீய்ச்சியதால், புகை தானாக மேலே இழுக்கப்பட்டது. சுற்றியிருந்த வீடுகளின் விறகடுப்புகளுக்கு அந்த வசதி ஏது? அங்கே ஊதி ஊதிக் கண் சிவந்தவர்கள் பெண்கள்.

ஹைதராபாதின் பொறியியல் ஆய்வுக்கூடத்தில் எஸ்.பி. ராஜு இதற்கு வழி தேடினார். புகையில்லாச் சமையலறை பற்றிய அவருடைய நூல் 1953-ல் சென்னையில் வெளியானது. கேரளத்தில் இந்த வேலையை 1980-களில் கையில் எடுத்தது 1962-ல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத். அது பரப்பிய அடுப்புக்கு ‘பரிஷத் அடுப்பு’ என்ற பெயர் வீடுகளில் புழங்கியது. அறிவியல் இயக்கம் ஒன்று சமையலறை வரை இறங்கி வந்தது சாதாரணச் செயல் அல்ல.

இத்தகைய அடுப்பில் நுட்பமான இடம், அடுப்பும் புகைக்குழாயும் சேரும் மூட்டு. சூடான புகை லேசானது. மேலே ஏறும்போது பின்னால் காற்றை இழுக்கும். மூட்டில் பூசிய மண் வெடித்தால் குளிர்காற்று உள்ளே புகும், இழுவை குறையும், புகை அடுக்களைக்கே திரும்பும். குழாயில் கரி படிந்தாலும் அதே கதிதான். கேரளத்தில் மழைக்கு மூடியும் தேவை.

மத்திய அரசு 1983-ல் தொடங்கிய தேசிய அடுப்புத் திட்டம் சுமார் 3.5 கோடி அடுப்புகளை வழங்கி 2002-ல் முடிந்தது. அவற்றில் பல, குழாயைச் சுத்தம் செய்யவும் மூட்டைப் பூசவும் ஆளில்லாமல் கைவிடப்பட்டன.