ஒரு மலையேற்றமும் ஒரு மிகைக்கதையும்

1948 ஜூலை 14. டூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டத்தின் ஓய்வு நாள். பத்து வருடங்களுக்கு முன்பு அப்போட்டியை வென்ற இத்தாலியர் ஜினோ பார்ட்டலி, இப்போது பிரான்ஸின் லூயிசன் பொபேயைவிட 21 நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கியிருந்தார். வயதும் 34 ஆகப்போகிறது.

அன்றுதான் ரோமில் கம்யூனிஸ்ட் தலைவர் தொலியாட்டி சுடப்பட்டார். வேலைநிறுத்தம், கலவரம். உள்நாட்டுப் போர் மூளுமோ என்று இத்தாலி அஞ்சியது.

மறுநாள் அல்ப்ஸ் மலை, மழை, குளிர். சமதரையில் முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக் காற்றிலிருந்து தப்பலாம். ஏற்றத்தில் வேகம் குறைவதால் அந்த மறைப்பு பெரிதாக உதவாது. உடம்பில் எஞ்சியிருக்கும் பலம்தான் பேசும். இசோவார் ஏற்றத்தில் பார்ட்டலி தனியே பிரிந்தார். அன்று மாலை அந்த 21 நிமிடங்களில் ஏறத்தாழ ஒரு நிமிடமே மிஞ்சியிருந்தது. அடுத்த நாள் மஞ்சள் ஜேர்சி அவருடையதாயிற்று. பாரிஸில் 26 நிமிட வித்தியாசத்தில் வென்றார்.

"பார்ட்டலிதான் இத்தாலியைக் காப்பாற்றினார்" என்று இன்றும் சொல்வார்கள். கேட்க இனிமையான கதை, ஆனால் மிகை. தொலியாட்டி உயிர் பிழைத்தார், அமைதி காக்கச் சொன்னார். தொழிற்சங்கமும் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டது. பிரதான காரணம் அதுவே.

ஒரே நாட்களில் நடந்தவை எல்லாம் ஒன்றுக்கொன்று காரணமாகிவிடாது. வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.