திஸ்கியும் திருவொற்றியூர் கொம்பும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் எழுத்து வரலாறு.

1991லயே யூனிகோடுல தமிழுக்கு இடம் கிடைச்சாச்சு. ஆனா இணையத்துல ரொம்ப நாள் ஓடினது திஸ்கி மாதிரி 8 பிட் தரங்கள்தான். 1999 சென்னை தமிழிணைய மாநாட்டையொட்டி தாம், தாப் வேற சேர்ந்துக்கிச்சு.

திஸ்கி, கண்ணுக்குத் தெரியுற வரிசையில சேமிக்கும். 'வொ'ன்னா கொம்பு, வ, கால். யூனிகோடுல முதல்ல வ, அப்புறம் ஒகரக்குறி. வெறும் அட்டவணை வெச்சு மாத்தினா ராயபுரம் தப்பிச்சிடும், எங்க திருவொற்றியூர் உடைஞ்சிடும்! லினக்ஸ்ல இருக்கிற ஐகான்வ் ஃபங்ஷன் கொம்பைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு, வ வந்தப்புறம்தான் விடும்.

2010ல தமிழக அரசும் யூனிகோடுக்கு வந்தாச்சு. பழைய திஸ்கி கோப்பு இருந்தா சரியா மாத்திடுங்க. பேரு உடைஞ்சா, நாளைக்குத் தேடுறவனுக்கு ஊரே கிடைக்காது.